அப்பாவின் தகரப் பெட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் கடைக்கு பிஸ்கட் அடைத்து வந்த சதுரப் பெட்டி. அதற்குள் ஒரு குறடு, பிடி பிளந்த சுத்தியல், மூன்று ஸ்குரூ டிரைவர்கள், பைப் ரெஞ்ச், டெஸ்டர், ஃபியூஸ் கம்பிச் சுருள், பல அளவுகளில் ரப்பர் வாஷர்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஆணிகள் ஆகியவை இருந்தன. பெட்டி அப்பாவுடையது. எங்களுள் ஒருவருக்கு அவர் அப்பா, மற்றவருக்கு மாமனார். அழைத்தபோது இருவருக்குமே அப்பாதான். தாம்பரத்துக்குத் தெற்கே, சாலைகள் மண்ணாக இருந்த நாளில் அவர் கட்டிய வீடு இது. கட்டிய பிறகு முப்பது ஆண்டுகள் அதைப் பழுது பார்த்துக்கொண்டும் இருந்தார். ஆள் கூப்பிடுவது என்பது அவர் அகராதியில் சோம்பலுக்கு மறுபெயர்.

2011இல் அவர் மறைந்தார். பெட்டி எங்களுக்கு வந்தது. அதோடு சேர்ந்து ஒரு வீம்பும் வந்தது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தோம்.

முதல் வெற்றி குளியலறைக் குழாய். இரவு முழுதும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்பது மருத்துவமனைகளில் குளுக்கோஸ் ஏற்றும்போது சொல்லும் கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நாலே கால் லிட்டருக்குச் சற்று மேல். மாதத்துக்கு 130 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சிறியதல்ல. மொட்டை மாடித் தொட்டியின் வால்வை அடைத்து, குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை வடியவிட்டு, ரெஞ்சால் குழாயின் தலையைக் கழற்றினோம். உள்ளே வாஷர் கருத்து, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்தி, வால்வைத் திறந்தோம். சொட்டு நின்றுவிட்டது. அன்று மாலை காபி குடிக்கும்போது நாங்கள் இருவரும் அந்தக் குழாயைப் பற்றி மட்டுமே பேசினோம். ஒரு நல்ல சிறுகதையை முடித்த எழுத்தாளனுக்குக்கூட அவ்வளவு நிறைவு இருந்திருக்குமா என்பது ஐயமே.

அடுத்த சில மாதங்களில் கதவின் கீல், ஜன்னல் கொக்கி, ஃபிளஷ் தொட்டியின் மிதவை எனப் பலவற்றைச் செய்தோம். சில நேரம் சொதப்பினோம். டெஃப்லான் டேப்பைத் திருகுமறைக்கு எதிர்த்திசையில் சுற்றி, குழாயைத் திருகும்போது அது கசங்கி வெளியே வந்தது. மறுபடி சுற்றினோம். பிழை உடனே கண்ணுக்குத் தெரிந்தது, திருத்துவதற்கு ஐந்து ரூபாய் செலவானது. இப்படிப்பட்ட பிழைகளால் மனிதனுக்கு அடக்கம் வருவதில்லை, தைரியம்தான் வருகிறது.

2012 ஏப்ரலில் கூடத்து மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. கண்டென்சர் போயிருக்கும் என்று கடைக்காரர் சொன்னார், 2.5 மைக்ரோஃபாரட் என்று கேட்டு வாங்கிவந்தோம். இரண்டு ஒயர், இரண்டு முடிச்சு, அவ்வளவுதான் வேலை. சுவிட்சை அணைத்தோம். உயரமானவர் முக்காலியில் ஏறினார். மற்றவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தவரின் இடது கை விசிறி தொங்கும் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது, வலது கை ஒயரைத் தொட்டது. அடுத்த கணம் முக்காலி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. ஐந்து வாரம் மாவுக்கட்டு. ஒரு கையில் நுழைந்து மறுகையில் வெளியேறும் மின்சாரம் மார்பின் வழியாகத்தான் போகிறது, கீழே விழுந்ததுதான் உங்கள் அதிர்ஷ்டம் என்றார் கட்டுப் போட்ட மருத்துவர்.

சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. அதை இருவரும் கண்ணால் பார்த்திருந்தோம். பிறகு எப்படி?

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டரை விசிறியின் ஒயரில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சுவிட்ச் பெட்டியைக் கழற்றிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்ச நியூட்ரல்ல போட்டிருக்கு சார். ஆஃப் பண்ணா ஃபேன் நிக்கும். ஆனா கரண்ட் ஃபேன் வரைக்கும் வந்து நின்னுக்கிட்டுதான் இருக்கும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சுவிட்ச் பெட்டியை மாட்டியவர் அப்பா. 1996இல், கூடத்தை இரண்டாகத் தடுத்தபோது, விசிறியை நகர்த்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் தாமே செய்த வேலை அது. அதைப் பற்றி உறவினர்களிடம் பல ஆண்டுகள் பெருமையாகச் சொன்னார். எலக்ட்ரீஷியனுக்கும் அப்பாவைத் தெரியும். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடி, "ரெண்டும் ஒரே கலர் ஒயரா இருக்கு. யார் போட்டாலும் மாறிப்போகும்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நாங்கள் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

மின்சாரம் வரும் வழி ஃபேஸ், திரும்பும் வழி நியூட்ரல். எந்த வழியைத் துண்டித்தாலும் சுற்று அறுபட்டு விசிறி நின்றுவிடும். ஆனால் ஃபேஸைத் துண்டித்தால் மட்டுமே விசிறியும் ஒயரும் செத்துக் கிடக்கும். நியூட்ரலைத் துண்டித்தால் விசிறி ஓயும், ஒயரில் 230 வோல்ட் விழித்திருக்கும். தொடுபவரின் உடல் வழியே தரைக்கோ சுவருக்கோ ஒரு பாதை கிடைக்கும்வரை அது காத்திருக்கும். 16 ஆண்டுகள் எங்கள் தலைக்கு மேல் அது காத்திருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் அதே முக்காலியில் ஏறி, ஈரத்துணியால் அந்த விசிறியைத் துடைத்தவர் அப்பாதான். அந்த நினைப்பு வந்தபோது மணிக்கட்டு வலி பெரிதாகத் தெரியவில்லை.

அன்று எங்களுக்கு ஒன்று புரிந்தது. குழாயைத் தப்பாகப் பூட்டினால் அது சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். சுவிட்சைத் தப்பாக மாட்டினால் அது சரியான சுவிட்சைப் போலவே வேலை செய்யும். எங்கள் பிழையை நாங்களே கண்டுபிடிக்கக்கூடிய வேலை எது, கண்டுபிடிக்கவே முடியாத வேலை எது என்ற கேள்வியை அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை. வேலை எளிதா கடினமா என்று மட்டுமே பார்த்தோம். உண்மையில் அந்தச் சுவிட்சை மாட்டுவது குழாயைக் கழற்றுவதைவிட எளிது.

சட்டம் இந்த எல்லையை முன்பே வகுத்திருந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் என்று சொன்னது. அதிலேயே விலக்கும் தந்தது: விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி, எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். 2010இல் வந்த ஒழுங்குமுறைகளும் ஏறத்தாழ இதே சொற்களையே வைத்திருந்தன. இருந்ததற்குப் பதில் இன்னொன்றை வைப்பது வீட்டுக்காரர் வேலை, இல்லாததைப் புதிதாக இழுப்பது தொழில் தெரிந்தவர் வேலை. கண்டென்சரை மாற்ற எங்களுக்கு உரிமை இருந்தது. 1996இல் விசிறியை நகர்த்த அப்பாவுக்கு இல்லை. ஆனால் அடி விழுந்தது எங்கள் கையில்தான். முன்னவர் செய்த பிழையைப் பின்னவர் தொடுவது வீட்டு வேலைகளில் புதிதல்ல.

எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் இருந்து வீடு முழுதும் சோதித்தார். ஃபியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி. போட்டார். அதோடு ஆர்.சி.சி.பி. என்ற ஒன்றையும் மாட்டச் சொன்னார். விலையைக் கேட்டுத் தயங்கினோம். "அது ஒயரக் காப்பாத்தும் சார். இது ஆளக் காப்பாத்தும்" என்றார். பிறகு விளக்கினார். அதிக மின்சாரம் பாய்ந்து ஒயர் சூடேறாமல் தடுப்பது எம்.சி.பி. மனித உடலைத் தாக்கும் மின்சாரம் மிகச் சிறியது, அதை எம்.சி.பி. கண்டுகொள்ளாது. ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு எங்கோ, ஒருவேளை ஓர் உடலின் வழியாகப் போகிறது என்று கண்டு, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஃபியூஸ் கம்பிச் சுருளை அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டோம்.

சமையல் எரிவாயு விஷயத்தில் அதன்பின் நாங்கள் எல்லை மீறவில்லை. ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்ப்போம். ஐந்தாண்டு கடந்தால் ஏஜென்சிக்குச் சொல்வோம். சிலிண்டர் மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். அப்பாவின் தலைமுறையில் சிலர் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுவார்கள். அதை நினைத்தால் இன்று நடுக்கமாக இருக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படர்ந்து தங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906க்குப் பேச வேண்டும். எங்கள் வேலை அத்தோடு முடிகிறது.

2014இல் படுக்கையறைக் கூரையில் காரை உப்பி ஒரு துண்டு விழுந்தது. உள்ளே கம்பி துருவேறித் தெரிந்தது. கொத்தனாரை அழைத்தோம். இவர் சிமெண்டைக் குழைத்துப் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போவார் என்றே எதிர்பார்த்தோம், விரும்பியதும் அதைத்தான். அவர் சுத்தியலின் முனையால் கூரையை அங்கங்கே தட்டினார். சில இடங்களில் கணீரென்றும் சில இடங்களில் பொத்தென்றும் கேட்டது.

"பூசலாம்மா. ரெண்டு மழைக்குத் தாங்கும். உள்ள கம்பி வீங்கிக்கிட்டே இருக்கும், அப்புறம் பெருசா விழும். இது என் வேலை இல்ல. என்ஜினியர் ஒருத்தரக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுங்க."

துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் கான்கிரீட் பிளக்கிறது. மேலே தட்டோடு விரிசல் விட்டு, ஆண்டுக்கணக்கில் நீர் இறங்கியிருக்கிறது. கூரையில் தெரிந்த நோயின் மூலம் மொட்டை மாடியில் இருந்தது. அன்றைய கூலியை விட்டுவிட்டு, இது என் வேலை இல்லை என்று சொல்லிப் போனாரே, அந்தக் கொத்தனாரைத்தான் நாங்கள் தொழில் தெரிந்தவர் என்பதற்கு உதாரணமாகச் சொல்லுவோம். தன் கைக்கு எட்டாதது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் அப்பாவுக்கும் இல்லாதது அந்த அறிவுதான்.

இவ்வளவும் கற்றுக்கொண்டோம் என்று இருந்தபோதுதான் 2015 டிசம்பர் வந்தது.

வெள்ளம் எங்கள் வாசற்படி வரை வந்து நின்று, நான்கு நாளில் வடிந்தது. வீட்டுக்குள் நீர் புகவில்லை, தப்பித்தோம். ஆனால் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிப்பறையில் எதிர்த்துக்கொண்டு வந்தது. லாரிக்காரர்கள் எவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. தெருவில் ஒருவர் சொன்னார்: "ஆள் இருக்காங்க. ரெண்டாயிரம் குடுத்தா இறங்கி அள்ளிடுவாங்க." நாங்கள் சரி என்றோம்.

இந்தச் சரி என்ற சொல்லை எழுதுவதற்கு எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அறியாமல் சொன்னோம் என்று ஒதுங்க வழியில்லை. மனிதர்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரை இறக்குபவருக்கு முதல் முறையே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது.) இவற்றையெல்லாம் இலக்கியப் பத்திரிகைகளில் படித்திருந்தோம், நண்பர்களோடு விவாதித்திருந்தோம். எங்கள் கொல்லைப்புறத்தில் நாற்றம் எடுத்தபோது அவை எதுவும் நினைவுக்கு வரவில்லை. வல்லுநரிடம் விட்டுவிட வேண்டும் என்ற புதிய பாடம் மட்டும் வசதியாக நினைவில் இருந்தது.

காலையில் ஒருவர் வந்தார். கூடவே பதினாறு பதினேழு வயதில் ஒரு பையன். ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு கடப்பாரை. நாங்கள் இடத்தைக் காட்டிவிட்டு, வாடை வராமல் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டோம். கடப்பாரையால் மூடியை நெம்பும் ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்து, தேநீர் கொடுக்கலாம் என்று எங்களுள் ஒருவர் கதவைத் திறந்தார். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பையன் பிடித்திருந்தான்.

"யாருப்பா இது?"

"நம்ம பையன்தாம்மா."

தேநீர் டம்ளர் கையிலேயே இருந்தது. வேண்டாம், இறங்க வேண்டாம் என்றோம். அவருக்குப் புரியவில்லை, கூலியைக் குறைக்கப் பார்க்கிறோம் என்று நினைத்தார். "பத்து வருஷமா இறங்குறேம்மா, ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரம் தெறந்து வெச்சா காத்து போயிரும்" என்றார். அந்தக் காற்றில் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டையின் வாடை என்பார்கள். அளவு கூடினால் அது முகரும் ஆற்றலையே மழுங்கடித்துவிடும், வாடை போய்விட்டது என்று தோன்றும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுவதை எத்தனையோ செய்திகளில் படித்திருக்கிறோம். கயிற்றின் மறுமுனையில் இருப்பவன் மகன் என்றால் அவன் இறங்காமல் நிற்பானா?

பேசிய பணத்தை முழுதும் கொடுத்தோம். அவர் வாங்கத் தயங்கினார். செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவது அவருக்கு இழுக்காக இருந்தது. "அப்ப நாளைக்கு வரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அன்று அவர் நேராக அடுத்த தெருவுக்குப் போயிருப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் எவரையும் காப்பாற்றிவிடவில்லை. எங்கள் வீட்டில் அது நடக்காமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவே.

வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தில் அக்கா வீட்டுக்குப் போனோம். மூன்றாம் நாள் ஒரு லாரிக்காரர் தொலைபேசியை எடுத்தார். உடனே வரச் சொன்னதற்கு அவர் சிரித்தார். "தரையில தண்ணி மட்டம் மேலயே நிக்குது. இப்ப எடுத்தா ரெண்டு நாள்ல மறுபடி ரொம்பிடும் சார். காசு வேஸ்ட். ஒரு வாரம் பொறுங்க, வரேன்." சொன்னபடியே வந்தார். லாரி தெருமுனையில் நிற்க, நீண்ட குழாயைக் கொல்லை வரை இழுத்து, எவரும் குனிந்து எட்டிக்கூடப் பார்க்காமல், முக்கால் மணி நேரத்தில் முடித்தார். அந்த மனிதர் அன்று இறங்கியிருந்தால், ஒன்றுக்கும் உதவாத வேலைக்காக இறங்கியிருப்பார்.

பழுது வந்தால் இப்போது நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில. வரும் வழியை முழுதாக அடைத்துவிட்டு வேலை செய்ய முடியுமா? பிழை நேர்ந்தால் உடனே தெரியுமா, ஒளிந்துகொள்ளுமா? நேர்ந்ததைத் திருத்த முடியுமா? இம்மூன்றுக்கும் விடை சாதகமாக இருந்தால் பெட்டியை இறக்குவோம், இல்லாவிட்டால் தொலைபேசியை எடுப்போம். ஆள் வந்த பின் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. நாம் செய்ய அஞ்சும் இதை அவர் செய்வது அவருக்கு அதில் பயிற்சியும் கருவியும் இருப்பதாலா, அல்லது வேறு வழியில்லாததாலா? எலக்ட்ரீஷியனை அழைத்ததும் அந்த மனிதரை அழைத்ததும் ஒன்றல்ல. முதலாவதில் எங்களுக்கு இல்லாத அறிவை விலைக்கு வாங்கினோம். இரண்டாவதில் எங்கள் ஆபத்தை இன்னொருவர் தலையில் ஏற்றப் பார்த்தோம்.

பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது. வாஷர்கள் புதிது, டெஸ்டர் புதிது, சுத்தியல் அப்பாவுடையதேதான். கூடத்துச் சுவிட்ச் பெட்டியை மாற்றியபோது எடுத்த பழைய ஒயர்த் துண்டு ஒன்றையும் அதில் போட்டு வைத்திருக்கிறோம். போன வாரம் சமையலறைக் குழாய் சொட்டியது. பெட்டியை இறக்கி, அந்த ஒயரை ஒதுக்கிவிட்டு, ரெஞ்சை எடுத்தோம்.